விலை குறைந்த பேஸ் கிற்றாரும் விலை கூடிய பேஸ் கிற்றாரும்

(சாம்பல்தீவில் சங்க அங்கத்தவர் முன்னிலையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இம்மண்டபத்துக்குச் சற்றுப் புதியது. பண்ணிசையைப் பற்றியோ புராண படனத்தைப் பற்றியோ பேசுவோம் என எண்ணி வந்த பெரியோர் சிலர், அறிவிப்புப் பலகையில் 'பேஸ் கிற்றார்' என்ற தலைப்பைக் கண்டு புருவத்தை உயர்த்தியிருக்கக்கூடும். ஆனால் சங்கத்தின் இசைக்குழுவுக்கு அந்த வாத்தியம் ஒன்று வாங்குவதென்று தீர்மானமாகி, ஊரவர் மனமுவந்து கொடுத்த பணமும் பெட்டிக்கு வந்துவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் வாலிபர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். "வாங்கினால் அமெரிக்காவில் செய்ததை வாங்குவோம், இல்லாவிடின் மேடையில் மதிப்பில்லை" என்பது ஒரு கட்சி. "கண்ணில் பட்ட மலிவானதை வாங்கி மிச்சப் பணத்தைப் பெட்டியில் வைப்போம்" என்பது மற்றக் கட்சி. இரு கட்சியிலும் எமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஆளைப் பார்க்காமல் வாத்தியத்தைப் பார்த்துப் பேசுவோம்.

முதலில் பெரியோர்களுக்காக ஒரு வார்த்தை. மிருதங்கத்தின் வலந்தலை எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், இடப்பக்கத்துத் தொப்பி கும்மென்று ஒலிக்காவிடில் கச்சேரி வெறிச்சென்று இருக்கும் அல்லவா? இசைக்குழுவில் அந்தத் தொப்பியின் வேலையைச் செய்வதே பேஸ் கிற்றார். பெரும்பாலும் நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அதைக் காது கேட்பதற்கு முன்னரே நெஞ்சு உணர்ந்துவிடும். இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி' மூலம் படவுலகுக்கு வந்தபின் செய்த பாடல்களை உன்னிப்பாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், பாட்டின் அடியில் பேஸ் தனியொரு பாட்டாகவே ஓடிக்கொண்டிருக்கும். நமது நாட்டில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடிப் புகழ்பெற்ற நாட்களிலிருந்தே கிற்றார் நமக்கு அந்நியமல்ல. ஆனால் கிற்றார் வாசிக்க நாலு பிள்ளைகள் முன்வந்தால், பேஸ் வாசிக்க ஒருவரும் வருவதில்லை. அது வேறு கதை.

இந்த வாத்தியம் மிகப் பழையதன்று. அதற்கு முன்னர் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய 'டபிள் பேஸ்' இருந்தது. அதைத் தூக்கிச் செல்வதே ஒரு சுமை. அதில் மெட்டும் கிடையாது, விரல் சற்றுப் பிசகினாலும் சுருதி பிசகும். 1951இல் கலிபோர்ணியாவிலுள்ள லியோ பெண்டர் என்பவர் கிற்றார்போல் தோளில் மாட்டக்கூடிய, வீணைபோல் மெட்டு வைத்த மின்சாரப் பேஸ் ஒன்றை விற்பனைக்கு விட்டார். மெட்டு இருப்பதால் சுருதி துல்லியமாக நிற்கும் என்பதால் அதற்குப் 'பிரெசிஷன்' என்று பெயர் வைத்தார். 1960இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்று உலகில் எந்த மூலையில் எந்தக் கம்பனி செய்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டின் சாயலில்தான் செய்கிறது. 34 அங்குலத் தந்தி நீளமும் அன்று அவர் வைத்ததே.

அந்தப் பெண்டர் கம்பனியையே உதாரணமாக எடுத்தால் விலை வித்தியாசம் நன்றாக விளங்கும். பெண்டர் என்ற பெயரில் கலிபோர்ணியாவிலும் மெக்சிக்கோவிலும் செய்கிறார்கள். 'ஸ்குவையர்' என்ற தம்பிப் பெயரில் இந்தோனேசியா, சீனா போன்ற இடங்களில் செய்விக்கிறார்கள். ஸ்குவையரில் அடிமட்டத்தது ஏறத்தாழ 200 டொலர். மெக்சிக்கோவில் செய்தது ஏறத்தாழ 800 டொலர். கலிபோர்ணியாவில் செய்தவற்றில் பல 1,700 டொலருக்கு மேல். ஒரு டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும், முதலாவது அறுபதாயிரம், கடைசியானது ஐந்து இலட்சத்துக்கு மேல். கப்பல் கூலியும் வரியும் புறம்பு. 2022இன் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டு வாத்தியம் வாங்குவோர் வாத்தியத்தை மட்டுமா வாங்குகிறார்கள், டொலரையும் சேர்த்தல்லவா வாங்குகிறார்கள்.

இத்தனை மடங்கு விலை கூடும்போது நாதமும் அத்தனை மடங்கு கூடுமா? கூடாது. இதைச் சந்தேகமின்றிச் சொல்லலாம். உடல், கழுத்து, இருபது மெட்டு, நான்கு பிருடை, ஒரு குதிரை, காந்தத்தில் செப்புக் கம்பி சுற்றிய பிக்கப் ஒன்றோ இரண்டோ. அறுபதாயிரத்திலும் இவையே, ஐந்து இலட்சத்திலும் இவையே. மலிவானதில் சாதாரண செரமிக் காந்தமும் விலை கூடியதில் அல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தமும் பெரும்பாலும் இருக்கும். மெட்டுகளின் ஓரம் மலிவானதில் சில வேளை அராவப்படாமல் உள்ளங்கையைக் கீறும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் விரைவில் கரகரக்கும். பிருடை சற்று ஆடும். விலை கூடியதில் இவை எல்லாம் ஒரு கைத்தேர்ந்த ஆளின் கண்ணுக்குக் கீழ்ப்பட்டு வந்திருக்கும். அந்த ஆளின் சம்பளம், அந்த நாட்டின் சம்பளம், அதுவே விலையின் பெரும்பகுதி. மேலே எழுதியிருக்கும் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டிலும் ஒரே தந்தியைப் பூட்டி, ஒரே அம்பிளிபயரில் இணைத்து, ஒரே கையால் வாசிக்கச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். கோயில் வீதியில் கடலை வாங்கிக்கொண்டு நின்று கேட்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. வாசிப்பவனின் கைக்குத் தெரியும். மூன்று மணி நேரம் வாசிப்பவனுக்கு அது சிறிய விஷயமுமல்ல.

மேடை மதிப்பைப் பற்றிப் பேசும் தம்பிமாருக்கு ஒரு சம்பவம். 1961இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்த ஓர் இங்கிலாந்து வாலிபருக்குப் பேஸ் தேவைப்பட்டது. பெண்டர் வாங்க ஏறத்தாழ நூறு பவுண் வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. ஏறத்தாழ முப்பது பவுணுக்கு வயலின் வடிவிலான ஹொப்னர் என்ற ஜெர்மன் வாத்தியத்தை வாங்கினார். அவர் இடதுகைக்காரர், இருபுறமும் ஒரே வடிவமாதலால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். அந்த வாலிபர் போல் மக்காட்னி. அந்த மலிவு வாத்தியம் பீட்டில்ஸ் குழுவின் அடையாளமாகவே ஆயிற்று. 1972இல் இலண்டனில் களவுபோய், அரை நூற்றாண்டுக்குப் பின் அவரிடமே திரும்பி வந்ததாக 2024இல் செய்தி வந்தது.

மற்றக் கட்சியார் இதைக் கேட்டுக் கைதட்ட வேண்டாம். அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரில் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டுப் பெண்டர் பிரெசிஷனையே வைத்திருந்தார். வலக்கையில் ஒரேயொரு விரலால் மீட்டினார். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார். அவர் வாசித்ததைத்தான் இன்றும் பேஸ் படிப்பவர்கள் பாடமாக எடுக்கிறார்கள். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவரோ நல்ல ஜாஸ் பேஸ் ஒன்றின் மெட்டுகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, படகுக்குப் பூசும் எப்பொக்சியைக் கழுத்துப் பலகையில் பூசி வாசித்தார். நமது வாடிகளில் பைபர் படகு ஒட்டும் தம்பிமாருக்கு அந்தச் சாமான் நன்கு பழக்கம். சங்கத்து வாத்தியத்தில் மட்டும் அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1982இல் யப்பானில் செய்வித்து மலிவு விலைக்கு வந்த முதல் ஸ்குவையர் வாத்தியங்களை இன்று சேகரிப்போர் தேடித் திரிகின்றனர். மலிவு என்று அன்று வாங்கியவர்கள் பாக்கியசாலிகள்.

நிற்க. இதுவரை பேசியது மலிவிலும் ஒழுங்கான வாத்தியத்தைப் பற்றி. பெயரும் ஊரும் இல்லாத, அட்டைப் பெட்டியில் வந்திறங்கும் மிக மலிவானது ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எமக்கு உண்மையான கவலை. அதில் மெட்டுகளே இடம் தவறிப் பதிக்கப்பட்டிருக்கலாம். வெறும் தந்தியில் சுருதி சேரும், ஐந்தாம் மெட்டுக்குப் போனால் சேராது. வீணையிலாவது மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம், இதில் மரத்தில் அறைந்தது அறைந்ததுதான். அப்படியானதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? வாத்தியத்தில் பிழை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தன் காதில் பிழை, தன் விரலில் பிழை, தனக்குச் சங்கீதம் வராது என்று எண்ணிக்கொண்டு மூன்றாம் மாதம் வீட்டில் நின்றுவிடும். அந்தப் பிள்ளை திரும்ப வராது. பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தை வைத்து அந்தப் பிள்ளையைத் திரும்ப வாங்க முடியுமா?

ஆகவே கடையில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். தந்தியின் சரிபாதி பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே வரும். அவ்விடத்தில் விரலை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டினால் மேல் ஸட்ஜம் மணிபோல் ஒலிக்கும். பின் அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். சிறிது விலகினால் குதிரையிலுள்ள ஆணியைத் திருகிச் சரிசெய்யலாம். அப்படித் திருகியும் சரிவராதாயின் வாத்தியத்தைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள், விலை பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் பாருங்கள். முறுக்கு இருந்தால் அதுவும் வேண்டாம். வளைவு மட்டும் என்றால் பயமில்லை. கழுத்தின் உள்ளே ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது, அதைச் சாவியால் திருகி நிமிர்த்தலாம். அந்தத் தண்டு திருகும்போது உண்மையில் வேலை செய்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

இந்தத் தண்டின் அருமை நமது ஊரில் விளங்கும். கச்சான் காற்று மாதக்கணக்கில் அடித்து எல்லாவற்றையும் காயவைக்கும். பிறகு வாடையும் மாரியும் வந்து மரம் ஈரம் குடிக்கும். வருடத்தில் இரண்டு தரமாவது கழுத்து அசையும். ஐந்து இலட்ச ரூபாக் கழுத்தும் மரந்தானே, அதுவும் அசையும். ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே நாம். உப்புவெளி, உப்பளம் என்று ஊர்ப் பெயரிலும் தொழிலிலும் உப்பு இருக்கும் கரையில் எந்தக் கம்பனியின் உருக்குத் தந்தியும் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதற்கு டொலர் வேண்டியதில்லை.

அம்பிளிபயரைப் பற்றி இரு கட்சியாரும் ஒரு வார்த்தையும் பேசாதது எமக்கு ஆச்சரியம். பணம் முழுவதையும் வாத்தியத்தில் போட்டுவிட்டு, பழைய சிறு கிற்றார் அம்பிளிபயரில் மாட்டினால், ஐந்து இலட்சத்து வாத்தியமும் தகரப்பேணிபோல் ஒலிக்கும். நாளடைவில் ஸ்பீக்கரும் கிழியும். தாழ்ந்த நாதத்துக்குக் காற்றை நிறையத் தள்ளவேண்டும், அதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். திருவிழாப் பந்தலில் ஜெனரேற்றரும் ரியூப்லைற்றும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலையும் எண்ணிப் பாருங்கள். பிரெசிஷன் வகையில் 1957 முதல் பிக்கப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும்படி செய்திருக்கிறார்கள். மலிவுப் பிரதிகளிலும் அவ்வமைப்பு உண்டு. நமக்கு அதுவே பொருத்தம். மேலும், வாத்தியத்தின் தந்தி அம்பிளிபயரின் நிலத்தொடர்போடு இணைந்திருப்பது. பந்தலின் நிலத்தொடர்பு ஒழுங்காக இல்லாவிடின், தந்தியில் கையும் மைக்கில் வாயும் வைத்த பாடகருக்கு மின்சாரம் அடிக்கும். மின்சார வேலை தெரிந்த அங்கத்தவர் ஒருவர் முன்னதாகப் பார்த்துக் கொடுக்காமல் மேடை ஏறவேண்டாம்.

எமது அபிப்பிராயம் கேட்கப்படுமாயின், அமெரிக்காவும் வேண்டாம், அட்டைப் பெட்டியும் வேண்டாம். ஸ்குவையரிலோ அதற்குச் சமமான வேறு கம்பனியிலோ நடுத்தரமான ஒன்றை, முடிந்தால் நல்ல நிலையிலுள்ள பழையதை, மேற்சொன்னபடி பரீட்சித்து வாங்குவோம். அதே அளவு பணத்தை அம்பிளிபயருக்கு ஒதுக்குவோம். கழுத்தையும் குதிரையையும் சீர்செய்யத் தெரிந்த ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்போம். மலிவான வாத்தியம் அந்த ஒரு நாளில் அடையும் உயர்வை வேறெந்தச் செலவாலும் பெறமுடியாது. மீதியில் மாற்றுத் தந்தி இரண்டு கட்டு.

விலை உயர்ந்ததை வாங்குவதில் எமக்குள்ள பெரிய ஆட்சேபம் பணமும் அல்ல. ஐந்து இலட்சத்து வாத்தியம் சங்கத்துக்கு வந்தால் அது அலுமாரிக்குள் போகும். அலுமாரிக்குப் பூட்டு வரும். பூட்டுக்குச் சாவி வரும். சாவி செயலாளரிடம் இருக்கும், செயலாளர் திருகோணமலைக்கு வேலைக்குப் போயிருப்பார். பழக வந்த பிள்ளை வாசற்படியில் குந்தியிருக்கும். அறுபது, எழுபதாயிரத்து வாத்தியம் என்றால் பயமில்லாமல் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதமின்றி, வீட்டில் வாத்தியம் இல்லாத பிள்ளைக்கு முதலிடம் என்று ஒரு கொப்பி போட்டு, கிழமையில் எந்த நாள் யாருடையது என்று எழுதி, மண்டபச் சுவரில் தொங்கவிடலாம். கொப்பியை நாமே வாங்கித் தருகிறோம். வாத்தியம் வருமுன்னரே பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வரலாம்.