இருநூறு படுக்கையும் நாற்பது படிக்கட்டும்

நடுவர் அவர்களே! நகரத்து முதியோருக்கு வசதிக்குப் பஞ்சமில்லை என்று எதிரணித் தம்பி அடுக்கினார். கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, 200 படுக்கை. போனில் உதவிக்கு 14567. உண்மைதான், நானே கைதட்டினேன்.

ஆனா தம்பி, மாம்பலத்துல லிப்ட் இல்லாத மூணாவது மாடியில ஒரு பாட்டி தனியா இருக்காங்கன்னு வையுங்க. முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. அவங்களுக்குக் கிண்டி எவ்வளவு தூரம்? நாலஞ்சு கிலோமீட்டரா? இல்லைய்யா, நாற்பது படிக்கட்டு! (கைதட்டல்) போனில் நல்லாத்தான் வழி சொல்வாங்க. கைபிடிச்சு இறக்குறது யாரு?

2021-ல் வந்த திட்டத்தின் பெயரைப் பாருங்கள்: 'மக்களைத் தேடி மருத்துவம்'. யார் யாரைத் தேடவேண்டும் என்று பெயரே சொல்கிறது! பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை வாசலுக்கு வருது. பிசியோதெரபியும் வருது. சரி, அந்த ஊழியருக்குப் பாட்டி இருக்கிறதே தெரியணுமே? எதிர்வீட்டுக்காரருக்கே தெரியலை, பாட்டி வீட்டுப் பூனையைத்தான் அவருக்குத் தெரியும்! (சிரிப்பு)

தனியாக இருக்கும் முதியோர் பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் வேண்டும் என்கிறோம். அதில் முதல் பெயரை எழுதித் தரவேண்டியவர் அந்த எதிர்வீட்டுக்காரர். மணி அடித்துவிட்டார் நடுவர், உட்காருகிறேன்.