இரண்டு புள்ளிகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் குடும்பத்திற்கு நிலத்திற்கு அடுத்த பேருடைமை அதன் பட்டாவே. அந்நாளில் அதனைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இன்றோ பட்டாவும் சிட்டாவும், பிள்ளைகளின் மதிப்பெண் விவரங்களும் எங்கோ ஒரு கணிப்பொறியில் இருக்கின்றன. இ-சேவை மையத்தில் கேட்டால் நகல் கிடைக்கிறது. கேட்டதை எடுத்துத் தரும் அக்கணிப்பொறியைச் சர்வர் என்பர். அதனை ஏமாற்றும் பழைய சூது ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பள்ளிக்கூடமே நான் அறிந்த உலகம். ஆகவே அங்கிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறேன். பழைய மாணவர் ஒருவர் மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு வந்தால், சான்றிதழ் அறையில் இன்ன கட்டு வேண்டும் என்று சீட்டு எழுதித் தரவேண்டும். பியூன் அதைப் பார்த்து எடுத்து வருவார். அவர் சொன்னதைச் செய்பவர். எல்லா அறைகளின் சாவியும் அவரிடம் உண்டு. ஒருவன் இப்படி எழுதுகிறான்: "சான்றிதழ் அறைக்குச் செல்க, அதை விட்டு வெளியே வருக, தலைமையாசிரியர் அறைக்குள் செல்க, அங்குள்ள வினாத்தாளை எடுத்து வருக." சீட்டு சான்றிதழ் அறை என்று தொடங்குவதால் பியூனுக்கு ஐயமில்லை. வினாத்தாள் வெளியே வந்துவிடுகிறது. எந்தப் பூட்டும் உடையவில்லை!

கணிப்பொறியிலும் கோப்புகள் அறைக்குள் அறையாக வைக்கப்பட்டுள்ளன. "இவ்வறையை விட்டு வெளியே வா" என்பதை அது இரண்டு புள்ளிகளால் அறிகிறது. கோப்பின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடுமாகத் திரும்பத் திரும்ப எழுதினால், பொதுமக்களுக்குரிய அறையைத் தாண்டி, இரகசியக் கோப்புகள் உள்ள அறைவரை சென்றுவிடலாம். இக்குறையைப் பாதை தாண்டல் எனலாம்.

"இரண்டு புள்ளி உள்ள சீட்டைத் தள்ளிவிட்டால் போதாதா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்கக்கூடும். போதாது என்பதற்கு 2021-ஆம் ஆண்டே சான்று. உலகெங்கும் இணையத்தளங்களை நடத்தும் அப்பாச்சி என்னும் மென்பொருளின் 2.4.49 பதிப்பு அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அது புள்ளிகளைச் சோதித்தது. ஆனால் இணைய முகவரியில் புள்ளியை வேறு விதமாகவும் எழுதலாம்: நூற்றுக்குறி, 2 என்னும் எண், 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து மூன்றும் சேர்ந்தால் புள்ளி என்றே பொருள். இரண்டாம் புள்ளி இவ்வேடத்தில் வந்தபோது காவல் ஏமாந்தது. அக்டோபர் 4-ஆம் நாள் திருத்திய பதிப்பு வந்தது. வேடத்தின்மேல் மற்றொரு வேடம் இட்டு அதனையும் ஏமாற்றினர். அக்டோபர் 7-ஆம் நாள் மறுபடியும் திருத்த நேர்ந்தது. 2001-இல் பரவிய நிம்டா என்னும் கணிப்பொறிப் புழுவும் மைக்ரோசாப்டின் சர்வர்களுக்குள் நுழைய இத்தகைய வேடத்தைக் கையாண்டது. இருபதாண்டுகள் கழிந்தும் பாடம் முற்றும் மனத்தில் பதியவில்லை!

எனினும், 2021-இல் அப்பதிப்பை வைத்திருந்த எல்லாரும் ஏமாறவில்லை. அனுமதித்த இடம் தவிர வேறெதையும் திறவாதே என்னும் கட்டளையைச் சர்வருக்கு இட்டிருந்தோர், முதற்காவல் தவறியும் தப்பினர்.

இதிலிருந்து நாம் கற்பன மூன்று. முதலாவது, சீட்டின் எழுத்தை மட்டும் பார்த்தல் ஆகாது. வேடங்களைக் களைந்து, அது முடிவில் எவ்விடத்தில் கொண்டு சேர்க்கிறது என்று கணக்கிட்டு, அவ்விடம் எல்லைக்குள் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, கூடுமானால் கோப்பின் பெயரை வெளியார் எழுதவே விடாமல், ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் வைத்து அதனையே கேட்கச் செய்தல் நன்று. மூன்றாவது, சான்றிதழ் அறையில் பணிபுரிபவருக்கு அவ்வறைச் சாவி ஒன்றே போதும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இச்சூதைச் சோதித்தறிய விரும்புவோர் தம் சொந்தக் கணிப்பொறியிலேயே சோதிக்கவேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறிக்குள் புகுவதை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தடுக்கிறது. எங்கேனும் குறை கண்டால், 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

கண்மாய் நிறைந்த இரவில் நம் பெரியவர்கள் லாந்தர் விளக்குடன் கரையைச் சுற்றி வந்து தேடியது நண்டு வளையைத்தான். சிறு வளை வழியே நீர் கசிந்து கரையே உடையும் என்பதை அவர்கள் அறிவார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிரல் எழுதும் பணிக்குச் செல்கின்றனர். பிறர் எழுதித் தரும் சீட்டை நம்பும் ஒரு வரியை எழுதும்போது அவர்கள் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். ஊரில் உள்ள தம் தாயின் பட்டாவும் அப்படிப்பட்ட ஒரு வரியை நம்பித்தான் இருக்கிறது.