சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு கணக்கு



வழக்கமாக வருமான வரி பற்றிப் பேசுகிற நான், இன்று அட்டைகள் பற்றிப் பேசப் போகிறேன். கடன் அட்டை அல்ல. எங்கள் பிள்ளைகள் சேர்த்த போக்கிமொன், ஹொக்கி அட்டைகள்.

போன மாதம் வோபர்னில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஒரு சப்பாத்துப் பெட்டியை மேசையில் வைத்தான். 1999இல், எட்டு வயதில் அவன் சேர்க்கத் தொடங்கிய 120 அட்டைகள். "மாமா, எல்லாத்தையும் தரம் பார்க்க அனுப்பப் போறன். செலவைக் கடன் அட்டையிலை போடுறன்" என்றான். அவனுக்கு வேலை போய் மூன்று மாதம்.

தரம் பார்ப்பது என்றால் என்ன? 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, 1 முதல் 10 வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. கட்டணம் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனி.

மருமகனை மயக்கியது ஒரு செய்தி. எங்கள் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் வெளியிட்ட வெய்ன் கிரெட்ஸ்கியின் அட்டை, 2021இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைப்பட்டது. உண்மைதான். ஆனால் அது 10 புள்ளி பெற்றது. அந்த அட்டைகள் ஓரம் பிசிறாகவே வெட்டப்பட்டவை. அதனால் 10 மிக அரிது. அதே அட்டை மூலை மழுங்கியிருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

ஒரு கடதாசியில் கணக்குப் போட்டோம். உதாரணத்துக்கு, இப்படியே விற்றால் 40 டொலர் பெறும் ஓர் அட்டை. கட்டணம், தபால், காப்புறுதி எல்லாம் 45 டொலர் என்று வைப்போம். 10 கிடைத்தால் 250, சந்தோசம். 9 கிடைத்தால் 90; செலவு போக மிச்சம் 45. ஐந்து டொலர் இலாபத்தை விற்பனைத் தரகே விழுங்கிவிடும். 8 கிடைத்தால் 50. மிச்சம் ஐந்து டொலர்தான். அப்படி 120 அட்டைக்கும் 5,400 டொலர் செலவு.

ஆகவே நேயர்களே, 10 கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். 8 கிடைத்தாலும் கையைக் கடிக்காத அட்டையை மட்டும் அனுப்புங்கள். கேட்கிற விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். மேசை விளக்கின் கீழே பூதக்கண்ணாடியால் நான்கு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். போக்கிமொன் என்றால் படத்துக்குக் கீழே இடப்பக்கம் முதற்பதிப்பு முத்திரை உண்டா என்றும் பாருங்கள். பழையதெல்லாம் அரியதல்ல, 1990களின் தொடக்கத்து ஹொக்கி அட்டைகள் அளவுக்கு மீறி அச்சிடப்பட்டவை. ஓரத்தை மட்டும் வெட்டிச் சீர்செய்யாதீர்கள்; பிறகு புள்ளியே கிடைக்காது.

மருமகனின் பெட்டியில் தேறியவை மூன்று. மற்றவை பள்ளிக்கூட முற்றத்தில் கைமாறித் தேய்ந்தவை. அவன் முகம் வாடிவிட்டது. அக்கா மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கினா. "ஊரிலையிருந்து என்ரை ஒரு பள்ளிக்கூடக் கொப்பிகூட வரேல்லை. இது இருக்கட்டும்" என்றா. நான்கு வீடு மாறியும் அந்தப் பெட்டியை அவதான் காப்பாற்றி வந்திருக்கிறா.

அதற்கு எந்த நிறுவனமும் புள்ளி போடாது. ஆனால் 5,400 டொலர் கடன் இல்லாமல் மருமகன் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.