வீட்டுத் தோட்டமும் உள அமைதியும்



திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை அறியாதார் இலர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென அதனைப் போற்றுவர். அத்துறைமுகத்தைச் சூழ்ந்த கரையோரக் கிராமங்களின் சின்னஞ்சிறு வளவுகளைப் பற்றிப் பேசுவாரோ மிகச் சிலர். அவ்வளவுகளில் குடும்பத்தார் ஒன்றுகூடிச் செய்யும் தோட்டவேலை உள்ளத்துக்கு அளிக்கும் ஆறுதலைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கியது. அப்போது நான் இளம் ஆசிரியன். உயிரிழப்பும் பொருளிழப்பும் ஒருபுறமிருக்க, கடல்நீர் புகுந்த கிணறுகள் உவர்த்தன. வளவு மண்ணில் உப்பு ஏறியது. என் மாணவி ஒருத்தியின் பாட்டனார் கடற்றொழிலாளர். அவ்வலையில் மனைவியை இழந்த அவர், அதன்பின் எவரோடும் பேசுவதில்லை. கடற்பக்கம் திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஆறுதல் கூறச் சென்ற நாங்கள் சொல்லற்றுத் திரும்பினோம்.

அடுத்த மாரிமழை மண்ணின் உப்பை ஓரளவு கழுவிச் சென்றது. மழை ஓய்ந்தபின், அச்சிறுமி பயற்றை விதைகள் சிலவற்றைக் கிணற்றடியில் ஊன்றினாள். இரண்டு நாள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், மூன்றாம் நாள் எழுந்து வந்து, "இவ்வளவு ஆழமாய்த் தாட்டால் முளைக்குமோ, பிள்ளை?" என்றாராம். நெடுநாளைக்குப் பின் அவர் தாமாகப் பேசிய பேச்சு அதுவே. பின்னர்ப் பழைய வலைத்துண்டொன்றைக் கட்டிக் கொடிக்குப் பந்தலும் அமைத்தார். அவர் துயரம் அகன்றதென்று நான் கூறேன். துயரத்தோடேயே மீண்டும் குடும்பத்தின் நடுவே வந்து அமர்ந்தார் என்பேன்.

இதற்குக் காரணம் யாது? துயருற்றவரை எதிரே இருத்தி, "மனத்திலுள்ளதைச் சொல்லுங்கள்" என்றால் சொல் எழுவதில்லை. அருகருகே நின்று ஒரே பாத்தியைக் கொத்தும்போதோ பேசவும் செய்யலாம், பேசாதிருந்தாலும் குறையில்லை. இனித் தம்மால் எவர்க்கும் பயனில்லை என்று எண்ணியிருப்பவருக்கு, அவர் வார்க்கும் நீரை நம்பி ஒரு செடி நிற்பது சிறிய செய்தியன்று.

இவ்வுண்மையைப் பிற நாட்டாரும் கண்டுள்ளனர். மனநோயாளரைச் சங்கிலியிட்டு அடைத்துவைத்த காலத்தில், இங்கிலாந்தின் யோர்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் 1796இல் திறந்த இல்லம், அவர்களைத் தோட்டத்திலே உலவவும் உழைக்கவும் விட்டது. 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, மன அழுத்தந்தரும் பணியொன்றை முடித்த 30 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் அரைமணி நேரம் தோட்டவேலை செய்தனர். மற்றவர் உள்ளே அமர்ந்து வாசித்தனர். மன அழுத்தத்தின்போது மிகும் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு இரு பிரிவினரிடமும் குறைந்தது. தோட்டத்தில் உழைத்தவரிடம் கூடுதலாகக் குறைந்தது. வாசிப்பின் பெருமையையே நாள்தோறும் ஓதும் எனக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்!

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க நம் அமைச்சரவை இசைந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று வயிற்றுக்காகத் தோண்டிய பாத்தியை மனத்துக்காகவும் காத்தல் நன்று.

எங்கள் கரையோர மணல் நீரைத் தாங்காது; கோடையில் கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே பாத்தியின் அடியில் தேங்காய் மட்டைகளைப் புதைத்து, மேலே சருகும் குழையும் பரப்புதல் வேண்டும். சிறு பிள்ளைகளிடம் முளைக்கீரையை ஒப்படையுங்கள். ஒரு மாதத்துக்குள் கறிக்கு வந்து அவர்களை மகிழ்விக்கும். பயற்றைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பொறுக்கவேண்டும். பொறுமையை இதனினும் எளிதாகக் கற்பிக்கும் பாடநூலை நான் கண்டதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்தல் வேண்டும். பிந்தி வந்த பிள்ளைகளைத் தண்டனையாகப் புல் பிடுங்க விட்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அது தவறு. மண்ணைத் தண்டனையாக அறிந்த பிள்ளை, பின்னாளில் அதனிடம் ஆறுதலை நாடுவதெங்ஙனம்?

தோட்டம் மருத்துவருக்கு ஈடாகாது. உறக்கமும் உணவும் நீங்கி, வாழ்வே வெறுத்திருப்பாரைத் தயங்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கமும் உதவும். ஆயினும், மருத்துவமனையிலிருந்து திரும்பி வருபவருக்கும் மாலைப்பொழுது ஒன்று உண்டன்றோ? அம்மாலைப் பொழுதில் அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, மற்றொன்றை நீங்கள் எடுத்துக்கொண்டு, கிணற்றடிக்கு உடன் செல்லுங்கள்.