தலையில் நீர் தலைவிதியா?



குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்குத் தலை பெருத்து வருவதைப் பற்றி இன்று பேச முன்வந்திருக்கிறேன். நான் டாக்டரல்ல. டாக்டர்கள் எழுதியதைப் படித்து எனக்கு விளங்கியதைச் சொல்லுகிறேன். சந்தேகமிருந்தால் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஜோசியனிடம் கேட்காதீர்கள்.

ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது என்கிறார்கள். வயிற்றில் ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்த பிள்ளைக்கு மூளையும் மூச்சுப்பையும் கூடுதலாகத்தானே முற்றியிருக்கும்? எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவு ஆபத்து அதிகம். முக்கியமாய் 32 வாரத்திற்கு முன் பிறந்தவைகளுக்கு.

காரணம் என்ன? மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், கர்ப்ப காலத்தில் மூளை அணுக்கள் உற்பத்தியாகும் இடம் ஒன்றுண்டு. அங்குள்ள ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. மாதம் நிறையுமுன் அந்த இடம் தானே சுருங்கி மறைந்துவிடும். அதற்குள் பிள்ளை பிறந்து, மூச்சுத் திணறி, ரத்த ஓட்டம் ஏறி இறங்கினால் அக்குழாய்கள் வெடிக்கலாம். பெரும்பாலும் பிறந்த 3 நாட்களுக்குள்ளாகவே ரத்தம் கசிந்து, சில சமயம் அறைக்குள்ளும் பாய்ந்துவிடுகிறது.

இனி பேச்சிப்பாறைத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் பாய்ந்த நீர் வடிகால் வழியே போகிறவரை கஷ்டமில்லை. வடிகாலில் சேறு அடைத்தால் பயிர் மூழ்கும். மூளை நீரும் அப்படியேதான். அது அறைகளில் ஓயாமல் ஊறி, குறுகிய வழியாக வெளியேறி, ரத்தத்தில் கலக்கிறது. உறைந்த ரத்தம் அந்த வழியை அடைக்கிறது. பின்னால் உண்டாகும் தழும்பு நீர் வடியும் இடங்களையும் கெடுக்கிறது. ஊற்றோ நிற்பதில்லை. அறைகள் வீங்கி மூளையை நெருக்குகின்றன. மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலையும் பெருக்கிறது. இதில் கிரகணம் எங்கே வந்தது? தாயின் பாவம் எங்கே வந்தது? பெற்றவளைத் தோஷக்காரி என்று தூற்றுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

கசிவு லேசானால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அதிகமானால் சில நாள் அல்லது சில வாரம் கழித்து நீர் தேங்கலாம். ஆகவே உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும், தலையின் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதி வைப்பதும் அவசியம். தலை வேகமாய்ப் பெருத்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், கண் கீழ்நோக்கியே நின்றாலும், வாந்தியும் மயக்கமும் கண்டாலும் உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தலைநோவு தீர மண்டைக்காட்டில் மண்டையப்பம் நேர்கிறார்கள். மாவும் வெல்லமும் மூளையின் அடைப்பை எடுக்குமா? நேர்ந்துவிட்டுக் கொடை வரையில் காத்திருந்தால் அதற்குள் மூளை நசுங்கிப் போகுமே!

1956-ல் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் இயந்திரத் தொழிலாளி, வேறொரு காரணத்தால் தலையில் நீர் தேங்கிய தம் மகனுக்காக, நீரை ஒரே திசையில் விடும் வால்வைச் செய்தார். அவர் மந்திரவாதியுமல்ல, டாக்டருமல்ல. இன்று தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் வைத்து நீரை வடிக்கிறார்கள். அது அடைபடலாம், சீழும் பிடிக்கலாம். ஆதலால் வைத்த பிறகும் அசட்டையாயிருக்கக் கூடாது. நம் நாட்டிலேயே 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிவிட்டார்.

வருமுன் காப்பதற்கும் வழியுண்டு. குறைமாதத்தில் நோவு கண்டால், பச்சைப் பிள்ளைகளுக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போனால், தாய்க்கு ஊசி போடுகிறார்கள். அது பிள்ளையின் மூச்சுப்பையைப் பக்குவப்படுத்துவதோடு, மூளையில் ரத்தம் கசிவதையும் குறைக்கிறது.

தோழர்களே! ஒரு அளவு நாடாவின் விலை என்ன, ஒரு பரிகாரத்தின் செலவு என்ன? வீட்டிற்குப் போய்க் கணக்குப் பாருங்கள். குழந்தையின் தலையை அளந்து பாருங்கள். தலையெழுத்தைப் பார்க்க வேண்டாம்.