வானிலை ஒரு நாள், காலநிலை முப்பது வருஷம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை கொட்டும் நாட்களில் வானொலி "சீரற்ற காலநிலை" என்கிறது. நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அன்றைய மழையும் காற்றும் வானிலை. காலநிலை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் நட்டப்படுவது நாம்தான்.

இன்று தராசில் நின்ற கிலோ நாளைக்கு மாறும். வானிலையும் அப்படித்தான். ஒரு மலையில் எந்த மாதம் கொழுந்து பொங்கும், எந்த மாதம் வாடும் என்று அறியப் பல வருஷத்துச் செக்ரோலைப் புரட்ட வேண்டும். காலநிலையும் அப்படித்தான், 30 வருஷக் கணக்கை வைத்தே அதைச் சொல்கிறார்கள்.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் பனி விழுந்து கொழுந்து கருகும். மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை பெய்யும் மாதங்களில் ஊவாவில் வரண்ட காற்று வீசும். இவை நம் பாட்டன், பூட்டன் காலத்திலிருந்தே தெரிந்தவை. அப்படியிருக்க, வரட்சி மாதத்திலும் அதே கிலோவைக் கேட்டு, குறைந்தால் அரைப்பேர் போடுவது என்ன நியாயம்? வருஷா வருஷம் வருவதை எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு நாள் குளிர்ந்தால், "பூமி சூடாகிறதாமே!" என்று சிரிக்கிறோம். ஒரு நாளை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கில் பூமியின் சராசரி வெப்பம் 1 பாகைக்கு மேல் கூடியிருக்கிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். சரிவில் லயங்களில் இருக்கும் நமக்கு இது உயிர்ப் பிரச்சினை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்றைய மழை வானிலை. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மழை திடீரென்று பெய்திருக்கலாம். ஆபத்து திடீரென்று வரவில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தோட்டத்தில் மழைக் கணக்குப் புத்தகம் இருந்தால் பேச்சுவார்த்தை மேசைக்கு வரட்டும். கிலோக் கணக்கு மாதத்துக்கு ஏற்ப மாறட்டும். ஆபத்தான சரிவில் உள்ள குடும்பங்களுக்கு அடுத்த மழைக்கு முன் பாதுகாப்பான இடத்தில் வீடு கிடைக்கட்டும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. பெய்யும் மழையைப் பிள்ளைகள் தினமும் அளந்து கொப்பியில் எழுதட்டும். காலையில் படங்கைக் கட்டுவதா என்று அறிய வானத்தைப் பார்த்தால் போதும். உரிமையைக் கேட்கக் கணக்கு வேண்டும்.