நெடுந்தொடர்களும் விமர்சகர்களின் இரட்டை அளவுகோலும்

(பண்பாட்டுப் பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அறிவாளர் அவைகளில் ஏளனச் சிரிப்பு எழுவது வழக்கமாகிவிட்டது. மாமியார் மருமகள் சண்டை, ஓயாத அழுகை, ஒரே முகத்தை மும்முறை காட்டும் கேமரா, ஆண்டுக்கணக்கில் முடியாத கதை என்று குற்றப் பட்டியல் நீள்கிறது. அப்பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் உண்மையே. 2000ஆம் ஆண்டில் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஓடிய ‘க்யூங்கி சாஸ் பி கபி பஹு தீ’ போன்ற இந்தித் தொடர்கள் கூட்டுக் குடும்பத்தின் பெயரால் பெண்ணின் பொறுமையையும் தியாகத்தையும் போற்றின. செல்வந்தர் மாளிகைக்கு வெளியே ஓர் இந்தியா இருப்பதையே அவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்தப் பிற்போக்குத்தனத்தை விமர்சிப்பது முற்போக்கு இயக்கத்தின் கடமை. ஆனால் இதே குற்றங்கள் வேறு இடங்களில் காணப்படும்போது இதே விமர்சகர்கள் வாய் மூடிக்கொள்வது ஏன் என்பதே இங்கு எழுப்ப வேண்டிய கேள்வி.

நீளமும் வன்முறையும்

கதையை இழுக்கிறார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. தவணை முறையில் கதை சொல்வது தொலைக்காட்சி கண்டுபிடித்த உத்தி அன்று. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836 முதல் மாதத் தவணைகளாக வெளிவந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் ஓர் இதழில் தொடராக வந்தது. பங்கிம் சந்திரர் 1872இல் தொடங்கிய ‘வங்க தரிசனம்’ இதழில் அவரது ‘விஷ விருட்சம்’ தொடராகவே வெளியாயிற்று. சரத் சந்திரரின் ‘பதேர் தாபி’ இதழில் தொடராக வந்து, 1926இல் நூலாகி, பின்னர் பிரிட்டிஷ் அரசால் தடை செய்யப்பட்டது. அடுத்த தவணைக்காக வாசகரைக் காத்திருக்க வைத்த அந்தப் படைப்புகள் இன்று இலக்கியமாகக் கொண்டாடப்படுகின்றன. ஆகவே தவணை என்னும் வடிவத்தின் மீது குற்றம் சுமத்த இயலாது. அந்த வடிவம் யாருடைய கையில், எதற்காகப் பயன்படுகிறது என்பதையே ஆராய வேண்டும்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2018இல் வெளிவந்த ‘மிர்சாபூர்’ போன்ற இணையத் தொடர்கள் துப்பாக்கியையும் வசைச்சொல்லையும் பெண்கள் மீதான வன்முறையையும் பருவம் பருவமாக நீட்டிச் செல்கின்றன. அவற்றைக் குறை கூறியோரும் உண்டு. எனினும் ஆங்கில நாளேடுகளின் விமர்சனப் பகுதிகள் பெரும்பாலும் அவற்றுக்கு ‘யதார்த்தம்’ என்று பெயர் சூட்டின. அடுத்த பகுதியைப் பார்க்கத் தூண்டும் திருப்பம் இணையத் தொடரில் வந்தால் திரைக்கதைத் திறன்; மாலை நேரத் தொடரில் வந்தால் மலிவான உத்தி. ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு மாதம் மாலைப் பொழுதுகளை விழுங்கும் ஐபிஎல் கிரிக்கெட்டைப் பார்க்கும் ஆணை நேரத்தை வீணடிப்பவன் என்று எந்தத் திறனாய்வாளரும் ஏசியதில்லை. அரை மணி நேரம் தொடர் பார்க்கும் அவன் மனைவி மட்டும் மூளை மழுங்கியவள் ஆகிறாள்.

செய்தி அரங்கிலும் இதே கதைதான். 2020இல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மரணத்தைப் பல செய்தித் தொலைக்காட்சிகள் பின்னணி இசையுடனும் சதித் திருப்பங்களுடனும் மாதக்கணக்கில் ஒரு நெடுந்தொடராகவே ஓட்டின. அதில் வில்லியாக்கப்பட்டவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். உயிருள்ள ஓர் இளம் பெண். அவர் சிறை செல்லவும் நேர்ந்தது. ஊடகங்கள் நடத்தும் இத்தகைய விசாரணை நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுவதாகும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் கண்டித்தது. சதி எதற்கும் சான்றில்லை என்று 2025இல் மத்தியப் புலனாய்வுத் துறையே வழக்கை முடிக்க அறிக்கை அளித்தது. அந்த நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் இன்றும் ‘பத்திரிகையாளர்’ என்றே மதிக்கப்படுகிறார்கள். கிளிசரின் கண்ணீர் மட்டும்தான் இங்கே கேலிக்குரியது.

‘தமஸ்’ பெற்ற வரவேற்பு

இரட்டை அளவுகோலின் அரசியல் முகத்தைக் காண தூர்தர்ஷனின் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1984இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ கீழ்நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை. குடும்ப நலக் கருத்துகளைப் பரப்பும் நோக்கத்துடன் மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய அத்தொடர் 156 பகுதிகள் ஓடியது. வேலையின்மையும் குடிகார தந்தையும் வரதட்சணையும் அதன் பேசுபொருள்கள். நாட்டுப் பிரிவினையால் வேரறுந்த குடும்பத்தைச் சித்தரித்த ‘புனியாத்’, தெருமுனை எளிய மக்களின் ‘நுக்கட்’ ஆகியவை அதைத் தொடர்ந்து வந்தன. இந்த மரபின் சிகரம் பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி இயக்கி, 1988 தொடக்கத்தில் ஒளிபரப்பான ‘தமஸ்’. பிரிவினைக் காலக் கலவரம் எவ்வாறு திட்டமிட்டு மூட்டப்படுகிறது என்பதை, ஒரு பன்றியைக் கொல்ல ஏவப்படும் நாத்து என்னும் ஒடுக்கப்பட்ட தொழிலாளியின் வழியாக அது காட்டியது.

விளைவு என்ன? மத உணர்வைப் புண்படுத்துகிறது, அமைதியைக் குலைக்கும் என்று கூறி அதை நிறுத்தக் கோரி நீதிமன்றப் படி ஏறினார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தொடரை முழுவதும் பார்த்த பின்னரே ஒளிபரப்பை அனுமதித்தனர். உச்ச நீதிமன்றமும் எதிர்மனுவைத் தள்ளுபடி செய்தது. வன்முறையின் வேரைக் காட்டும் படைப்பு வன்முறையைத் தூண்டுவதாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதே காலத்தில், 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை, ஞாயிறுதோறும் ‘ராமாயணம்’ ஓடியது. மந்தமான நகர்வு, திரும்பத் திரும்ப வரும் முகக்காட்சிகள், பெருகும் கண்ணீர் என்று குடும்பத் தொடர்களின் மீது சுமத்தப்படும் குறைகள் அனைத்தும் அதில் இருந்தன. ஆனால் அதற்குப் ‘பண்பாடு’ என்னும் பாதுகாப்பு கிடைத்தது. அதில் சீதையாகவும் ராவணனாகவும் நடித்தவர்கள் 1991இல் பாஜக வேட்பாளர்களாக மக்களவைக்குச் சென்றனர். ராமனாக நடித்தவர் 2024இல் மீரட்டிலிருந்து அதே கட்சியின் சார்பில் வென்றார். 2020 மார்ச்சில், புலம்பெயர் தொழிலாளர்கள் உணவின்றி நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒன்றிய அரசு அத்தொடரின் மறு ஒளிபரப்பைப் பெருமையுடன் அறிவித்தது. ஒரு தொடர் எதை வளர்க்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்னும் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் பல விமர்சகர்கள் பக்தியுடன் ஒதுங்கிக்கொண்டனர்.

பார்ப்பவர் களிமண் அல்லர்

காட்டியதையெல்லாம் விழுங்கும் மூடர்களாகப் பார்வையாளரைக் கருதுவதும் இந்த ஏளனத்தின் ஒரு பகுதியே. வரலாறு வேறு செய்தியைச் சொல்கிறது. ‘ராமாயணம்’ பட்டாபிஷேகத்தோடு முடிவடைய இருந்தபோது, வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கருதும் வட இந்தியத் தூய்மைப் பணியாளர்கள், அவர் இடம்பெறும் உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் எனக் கோரி ஜலந்தர் உள்ளிட்ட நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு பணிந்தது; தொடர்ச்சி தயாரிக்கப்பட்டது. கோரிக்கை சமய வடிவில் அமைந்திருந்தாலும், ஊரின் குப்பையை அள்ளும் மக்கள் திரையில் தமக்கான இடத்தைக் கேட்டார்கள் என்பதே அதன் உட்பொருள். 2008இல் தொடங்கிய ‘பாலிகா வது’ குழந்தைத் திருமணத்தை நாடெங்கும் வீட்டுக்கூடங்களின் விவாதப் பொருளாக்கியது. அதிலும் சமரசங்கள் மலிந்திருந்தன. ஆயினும் பேசப்படாத ஒன்றைப் பேச அது வழி திறந்தது.

திரைக்குப் பின்னால்

ஏளனம் மறைத்துவிடும் மிகப் பெரிய உண்மை உற்பத்தி உறவுகளைப் பற்றியது. கதை ஏன் இழுக்கப்படுகிறது? எழுத்தாளரின் அறிவின்மையால் அன்று. ஒவ்வொரு பகுதியும் விளம்பர நேரத்தை விற்பதற்கான கடைவீதி என்பதால். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்திற்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன கேபிள் தொலைக்காட்சி விதிகள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் இதை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது ஒளிபரப்பு நிறுவனங்கள் நீதிமன்றத்திற்கு ஓடின. 2024 நவம்பரில் ரிலையன்ஸ், டிஸ்னி நிறுவனங்களின் இந்திய ஊடகத் தொழில்கள் ஒன்றிணைந்தன. ஸ்டார் பிளஸ், கலர்ஸ் ஆகிய போட்டி அலைவரிசைகள் ஒரே கூரையின் கீழ் வந்தன. மருமகள் அணியும் நகையை எண்ணிய விமர்சகர்கள் இந்த ஏகபோகத்தைப் பற்றி எத்தனை வரி எழுதினார்கள்?

மும்பைத் தொடர் உலகில் 12 மணி நேர வேலை நாளும், நடித்து 90 நாள் கழித்தே ஊதியம் என்ற வழக்கமும் நெடுங்காலமாக நிலவுகின்றன. 2008இன் இறுதியில் அங்குள்ள தொழிலாளர்கள் ஊதிய உயர்வுக்காகப் போராடியபோது புதிய பகுதிகள் நின்றுபோய்ப் பழையவையே மறு ஒளிபரப்பாயின. 2018 ஆகஸ்டில் கொல்கத்தாவின் கலைஞர்கள் நிலுவைத் தொகைக்காகவும் வேலை நேர வரம்புக்காகவும் படப்பிடிப்புகளை நிறுத்தினார்கள். 2020 பொதுமுடக்கத்தில் ஒளியமைப்பாளர்களும் ஒப்பனைக் கலைஞர்களும் தினக்கூலியை இழந்து தவித்தார்கள். தொடர்களின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவோர், இரவு பகலாக அவற்றை உருவாக்கும் கரங்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

செய்ய வேண்டியது

எனவே விமர்சனத்தைக் கைவிடுவது தீர்வாகாது. அளவுகோலை ஒன்றாக்குவதே தீர்வு. ஆணாதிக்கம் மாலைத் தொடரில் தவறென்றால் கோடிகள் குவிக்கும் திரைப்படத்திலும் தவறு. மூடநம்பிக்கை நாகினித் தொடரில் தவறென்றால் செய்தி அலைவரிசையின் காலை நேர ராசிபலனிலும் தவறு. வேலை முடித்து, சமையல் முடித்து, கிடைத்த அரை மணி நேரத்தில் திரைக்கு முன் அமரும் உழைக்கும் பெண்ணை இகழ்ந்துவிட்டு அவளிடம் எந்த இயக்கமும் பேச முடியாது. அவள் அருகில் அமர்ந்து, அந்தக் கதையில் அவளை அழவைத்தது எது, அவள் வாழ்வில் அதற்கு இணையானது எது என்று கேட்பதில் தொடங்க வேண்டும். மாதர் அமைப்புகளின் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் தொடர்கள் விவாதப் பொருளாகட்டும். கலைஞர், தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கைகளுக்கு ஆதரவு திரளட்டும். ‘தமஸ்’ போன்ற படைப்புகளைப் பொது ஒளிபரப்பு மீண்டும் தர வேண்டும் என்ற குரல் வலுக்கட்டும்.

மக்கள் பார்க்கும் கதைகளைப் புறக்கணிக்கும் பண்பாட்டு இயக்கம், அந்தக் கதைகளை ஆள்வோரின் கையில் விட்டுவிடுகிறது. அந்த இழப்பை இனியும் தாங்க இயலாது, தோழர்களே!